தட்டிப் பார்க்கும் இடம்

வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தட்டுவார்கள். பக்கக் கதவை இழுத்துத் திறந்து உள்ளே ஏறுவார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். வலது கை தானாக மேலே போகும். விரல் முட்டியால் இரண்டு தட்டு. தொப், தொப் என்று கேட்டால் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொள்வார்கள், தர்பூசணி வாங்குகிறவர்களைப் போல. தட்டி வாங்கிய தர்பூசணி வீட்டில் வெட்டும்போது வெள்ளையாக இருந்த அனுபவம் ஒருவருக்கும் கிடையாது போலிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல, என் அக்கா புருஷன். வேன்களைப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துப் பயண வண்டியாக மாற்றித் தரும் பட்டறை அவருடையது. வண்டியின் தகரக் கூரையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபைபர் மூடி ஒன்றை உட்கார வைப்போம். பின்பக்கம் கீல். முன்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினால் பெட்டி மூடி மாதிரி திறந்து நிற்கும். சுற்றிலும் கேன்வாஸ். உள்ளே பலகை விரித்தால் மேலே இரண்டு பேர் படுக்கலாம். படங்களில் பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் வெறும் ஃபைபர் மூடி என்பது கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் தொட்டி. இரண்டு பேர் அதற்கடியில் மூச்சு விட்டுக்கொண்டு படுத்தால், விடியும்போது அந்த மூச்சு தண்ணீராகி அவர்கள் மூஞ்சியிலேயே சொட்டும்.

அதற்காகத்தான் மூடியின் உள்பக்கம் ஃபோம் ஷீட் ஒட்டுவது. முதலில் குறுக்கே மரச்சட்டம் ஒட்ட வேண்டும், ரீப்பர் என்போம். ரீப்பர்களுக்கு நடுவே ஃபோம். அதன்மேல் துணி சுற்றிய மெல்லிய பிளைவுட் பலகைகள் மூன்று: முன்பலகை, நடுப்பலகை, பின்பலகை. பலகைக்கு இரண்டு ஷீட் வீதம் ஒரு கூரைக்கு ஆறு ஷீட். மாமா தருவது இரண்டு.

அந்த இரண்டும் நடுப்பலகைக்குப் போகும். அங்கேதான் தட்டுவார்கள். மற்ற இடமெல்லாம் பலகைக்குப் பின்னால் வெறும் வெளி. பலகைமேல் சாம்பல் நிறத் துணி பளிச்சென்று இருக்கும். ஓரத்தில் மாமா கேட்டு வாங்கிய ரப்பர் பட்டி, வரிசையாக ஒரே பக்கம் பார்க்கும் திருகாணிகள். "ஃபினிஷிங்தான்டா பேசும்" என்பார். பட்டறைக்கு அக்கம்பக்கத்தில் அவருக்கு ஃபினிஷிங் என்றுதான் பெயர். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அவர் வைத்த பெயர் ஆந்தை. பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு, ஒரு நாள் நடுவில் எழுந்து வெளியே வந்தவன் நான். திரும்பிப் போகவில்லை. அக்கா தன் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலும், தன் புருஷன் பட்டறையில் ஒரு வேலையும் கொடுத்தாள். ஒரு வருஷமாகக் கூரையின் உள்வேலை என்னுடையது. பதினேழு கூரைகள் இரண்டு ஷீட்டில் முடித்திருக்கிறேன். வாங்கியவர்களைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இப்படித் தட்டிவிட்டுத் தலையாட்டுகிற ஜனங்களுக்கு இது போதும் என்றே நினைத்தேன்.

பதினெட்டாவது வண்டிக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள்.

அந்த அம்மாள் குள்ளம். என் நெஞ்சு உயரம்கூட வரமாட்டாள். தையல் மெஷின் மெக்கானிக். ஊர் ஊராகப் போய் கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் மெஷின் பழுது பார்ப்பது தொழில். வண்டியின் கீழ்ப்பகுதி முழுக்க மெஷின் தலைகள், மோட்டார், ஸ்பேர் பெட்டிகள். அதனால் படுக்கை மேலே மட்டும்தான். புருஷன் நெட்டை. முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்து, துணி வெட்டும்போது பறந்த பஞ்சையெல்லாம் நெஞ்சுக்குள் வாங்கி வைத்திருந்தார். நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த இடைவெளியில் அடுத்த ஜோக்கை யோசிப்பார் என்று நினைக்கிறேன்.

"வாங்கம்மா, வாங்க சார். நாங்க அதிகம் பேச மாட்டோம். எங்க ஃபினிஷிங்தான் பேசும்" என்றார் மாமா.

"அது என்ன வேணா பேசட்டும். கூரை சொட்டுமா, சொட்டாதா?" என்றாள் அந்த அம்மாள்.

பழைய வண்டியில் வெறுங்கூரைக்கடியில் இரண்டு வருஷம் படுத்திருக்கிறார்கள். தலையணை பூஞ்சை பிடித்திருக்கிறது. மாஸ்டருக்கு நிமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு முறை ஈரத்தில் படுத்தால் என்னிடம் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த வண்டியும் சொட்டினால் மாஸ்டரை அவர் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இவள் மட்டும் தொழிலுக்குப் போக வேண்டும். அதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம்.

"அண்ணன் வீட்ல நேரத்துக்குச் சோறு வரும். சோத்தோட அண்ணி பேச்சும் வரும்" என்றார் மாஸ்டர். மூச்சு வாங்கினார். "அதுக்கு நிமோனியாவே தேவலை தம்பி."

"சும்மா இருங்க" என்றாள் அவள். பிறகு மாமாவைப் பார்த்து, "இவரு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அங்க விட்டா ஒரு மாசத்துல படுத்துடுவாரு. அதான் கேக்கறேன், சொட்டுமா?"

"சொட்டாதும்மா. கூரை முழுக்க ஃபோம். மெத்தைக்குள்ள படுத்த மாதிரி இருக்கும்."

இதைச் சொல்லும்போது மாமாவின் கண் இமைகூட அசையவில்லை. மனசாட்சி என்று ஒன்று அவருக்கு இருந்திருந்தால், அதற்கும் துணி சுற்றி ஓரத்தில் ரப்பர் பட்டி வைத்திருப்பார். நான் அவர் பின்னால் நின்று உப்புத்தாளால் ஒரு ரீப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

மறுவாரம் மூடி வண்டிமேல் ஏறியது. ஷீட் வைக்கும் கூண்டைப் பூட்டிச் சாவியை மாமா இடுப்பில் வைத்திருப்பார். இரண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"மாமா, இவங்களுக்கு முழுசாப் போட்டுடலாமே."

"ஏன், அவரு உனக்கு மாமனாரா?"

"அந்த ஆளுக்கு நெஞ்சு சரியில்ல."

"உன்னைப் பாத்தா எனக்கும்தான் நெஞ்சு சரியில்ல. தட்டுற இடத்துல போடு. மத்த இடம் ஏர் கேப். காத்தும் இன்சுலேஷன்தான்டா ஆந்தை. சயின்ஸ்."

"காத்துதான் மாமா தண்ணியாகுது."

"நீ அந்தக் கிடங்குலயும் இப்படித்தான் பேசியிருப்ப. அதான் அனுப்பிட்டாங்க."

அனுப்பவில்லை, நானாக வந்தேன். அதை அவரிடம் விளக்கிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

வண்டிக்குள் ஏறி, கூரையைத் தூக்கி, அதைத் தாங்கும் கேஸ் ராடு இரண்டும் விறைப்பாக நிற்கிறதா என்று பார்த்தேன். ஃபைபரின் உள்பக்கத்தைத் துடைத்தேன். ரீப்பர்களை ஒட்டிக் காயும்வரை முட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் இரண்டு ஷீட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வந்தது எரிச்சல். நடுப்பலகையில் ஒட்டினால் அது மாஸ்டரின் தொப்புளுக்கு மேலே இருக்கும். தொப்புள் மூச்சு விடுவதில்லை. தலை வைப்பது முன்பலகைக்குக் கீழே. பதினேழு முறை இதே முட்டாள்தனத்தைச் செய்துவிட்டுப் பதினெட்டாவது முறை கை வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு ஷீட்டையும் முன்பலகைக்குப் போட்டேன். அளவெடுத்து, மூலைகளை வளைவுக்கு ஏற்ப வெட்டி, இரண்டு பக்கமும் பசை தடவி, பசை விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்து அழுத்தினேன். ஓரங்களில் விரல் நுழையும் சந்துகூட இல்லை. அதை என் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த வேலைகளில் ஒன்று என்று சொல்லலாம். பட்டியல் நீளமில்லை.

அடுத்தது தட்டுகிற இடம். குப்பைச் சாக்கைக் கவிழ்த்துப் பழைய துண்டுகளைப் பொறுக்கினேன். நடுப்பலகைக்குப் பின்னால், வழக்கமாக விரல் படும் இடத்தில், இரண்டு சாண் அகலத்துக்கு அவற்றைச் சேர்த்து ஒட்டினேன். தட்டினால் தொப் என்று கேட்கும். மாஸ்டரின் தலைமேல் சொட்டாது. மாமாவுக்குத் தெரியாது. எல்லோரையும் ஒரே சமயத்தில் ஏமாற்றி நல்லது செய்யும் இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த அம்மாளிடம் நேராகப் போய் உண்மையைச் சொல்லலாம் என்ற எண்ணம் வந்தது. வந்த வழியே போகவும் விட்டேன்.

விளக்குக்கு வயர் இழுக்க வந்த வயர்மேன் மேலே பார்த்தார். முன்னால் ஃபோம், நடுவில் ஒட்டுத்துணி மாதிரி துண்டுகள், பின்னால் வெறும் ஃபைபர்.

"என்னய்யா இது, இடம் மாறியிருக்கு? உங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வயரை ரீப்பர் ஓரமாகக் கிளிப் அடித்துக்கொண்டு போனார். பட்டறையில் நிம்மதியாகத் தூங்கும் மனிதர் அவர் ஒருவர்தான்.

பலகைகளை ஏற்றினேன். பன்னிரண்டு மில்லி திருகாணி. அதற்கு மேல் நீளம் போனால் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். படிக்கும் விளக்கு இரண்டு, கண்ணாடி வைக்க வலைப்பை, கூரையைக் கீழே இழுக்கப் பட்டைக் கைப்பிடி. திருகாணித் தலைக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. மாமா வந்து பார்த்துவிட்டு வழக்கமான இடத்தில் தட்டினார். தொப்.

"பாத்தியா, ரெண்டு ஷீட்லயே எவ்வளவு கெட்டியா இருக்கு. ஆறு கேட்ட நீ."

நான் பல்லைக் காட்டினேன்.

வண்டி எடுக்க அவர்கள் வந்த காலையில் மழை பெய்து குளிர் பட்டறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. தங்கியிருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டியோடு வந்திருந்தார்கள். மாமா கூரையைத் தூக்கி நிறுத்தினார். விளக்குகளைப் போட்டு, அணைத்து, போட்டுக் காட்டினார். துணியைத் தடவிக் காட்டினார். மெக்கானிக் அம்மாள் வண்டிக்குள் ஏறினாள்.

நான் ஒன்றை மறந்திருந்தேன். அவள் குள்ளம் என்பதைப் பார்த்தேன், சிரித்தேன், கணக்கில் எடுக்கவில்லை. எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று அவள் கையைத் தூக்கினாள். கூரைக்கும் விரலுக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம். சுற்றிலும் பார்த்தாள். பின்னால் இருந்த பெட்டி சீட்டின்மேல் ஏறி நின்றாள். அங்கிருந்து கை நீட்டித் தட்டினாள்.

டம்.

காலி டின்னைத் தட்டிய சத்தம். மாமாவின் சிரிப்பு மூஞ்சியிலேயே மாட்டிக்கொண்டு நின்றது.

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. காதைக் கூரைப் பக்கம் சாய்த்து, ஒரு சாண் தள்ளித் தட்டினாள். டம். இன்னொரு சாண். டம். மெஷினுக்குள் எந்தப் பல்சக்கரம் உரசுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவள். அவளிடம் போய் நான் இரண்டு சாண் துண்டு ஒட்டி வைத்திருந்தேன். சீட்டிலிருந்து இறங்கி, ஸ்பேர் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, நடுவில் தட்டினாள். தொப். பக்கத்தில் டம். முன்னால் போய் முன்பலகையை மூலை மூலையாகத் தட்டினாள். தொப், தொப், தொப், தொப்.

"முதலாளி" என்றாள். அதுவரை சார் என்று கூப்பிட்டவள். "கூரை முழுக்க ஃபோம்னு சொன்னீங்க."

"முழுக்கத்தாம்மா. சில இடத்துல ஏர் கேப்னு ஒரு டெக்னிக் இருக்கு. வெளிநாட்டு முறை."

"நடுவுல ரெண்டு சாண் மட்டும் உள்நாட்டு முறையா?"

வெளியே நாற்காலியில் இருந்த மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "டேய், என்னடா பண்ணி வச்சிருக்க? அம்மா, இவன் என் மச்சினன். சொந்தக்காரப் பையன்னு வேலை குடுத்தேன். ஷீட்டெல்லாம் குடுத்தேன், சரியா ஒட்டாம விட்டிருக்கான். ராத்திரி ஷிப்ட்லயே தூங்கினவன்."

அவள் மாமாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "தம்பி, மெத்தனமா ஒட்டினவன் முன்பலகையை மட்டும் ஏன் இவ்வளவு கெட்டியா ஒட்டினான்?"

தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினால் அன்றோடு முடிந்துவிடும். மாமா சாயங்காலம் மறந்துவிடுவார். முன்னறைக் கட்டில் இருக்கும். வண்டி போய்விடும். மாஸ்டரின் தலைக்கு மேலே காய்ந்திருக்கும், இடுப்புக்கும் காலுக்கும் மேலே சொட்டும், மெத்தை ஈரமாகும், ஈரம் தலையணைக்கு ஏறி வர ஒரு வாரம் ஆகும். இதையெல்லாம் முன்னாடியே யோசித்திருக்க வேண்டும். பாதி உதவி என்பது பாதிக் கூரை மாதிரி என்று அந்த நிமிஷம்தான் மண்டையில் ஏறியது.

"தலை வைக்கிற இடம் அது" என்றேன். "குடுத்தது ரெண்டு ஷீட். ஆறு வேணும். எப்பவும் நடுவுல போடுவோம், எல்லாரும் அங்கதான் தட்டுவாங்க. சார் விஷயம் தெரிஞ்சதால முன்னாடி போட்டேன்."

"டேய்" என்றார் மாமா.

"திருப்புளி குடு" என்றாள் அவள்.

பின்பலகையை நானே கழற்றினேன். பலகை இறங்கியதும் வெறும் ஃபைபர் வெள்ளையாகத் தெரிந்தது. காலையிலிருந்து மூன்று பேர் உள்ளே நின்று பேசியதில் அது வியர்த்திருந்தது. சின்னச் சின்ன முத்துகள், வரிசையாக. அவள் சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்தாள். முத்துகள் சேர்ந்து, விரல் நுனிக்கு வந்து, ஒரு சொட்டாகி மாமாவின் சட்டைத் தோளில் விழுந்தன.

"மெத்தைக்குள்ள படுத்த மாதிரி" என்றாள்.

"நாளைக்கு வாங்கம்மா, சரி பண்ணி வைக்கறேன்."

"ரூமைக் காலி பண்ணிட்டோம். எங்க போறது? இங்கயே உக்காந்திருக்கேன். என் கண்ணு முன்னாடி ஒட்டுங்க. நாலு ஷீட் எங்க?"

மாமா இடுப்பைத் தடவினார். சாவி கழன்று வர நேரமெடுத்தது. இத்தனை வருஷம் அந்தச் சாவி அவர் உடம்பில் ஓர் உறுப்பாகியிருந்தது.

ஆனால் பசை அடித்தால் இரண்டு நாள் கூரையைத் திறந்துவைத்துக் காற்றாட விட வேண்டும். அந்த வாடை ஆரோக்கியமானவன் நெஞ்சையே அறுக்கும். மாஸ்டர் அதற்குள் படுக்க முடியாது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவிடமிருந்து போன் வந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்க. பின்னால் மெக்கானிக் அம்மாளின் குரல் பட்டறை முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

"யாருடா அங்க கத்தறது?"

சொன்னேன். மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தது.

"உங்க மாமா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"அவர்கிட்ட குடுக்காத. அந்த அம்மாகிட்ட குடு."

இப்படித்தான் அவர்கள் இருவரும் இரண்டு நாள் மாமா வீட்டில் தங்கினார்கள். மாஸ்டருக்கு முன்னறையில் என் கட்டில். நான் பட்டறையில் மெத்தைக்கு வந்த பஞ்சு மூட்டைமேல் படுத்தேன். மறுநாள் காலையில் மாமா கண்கள் சிவந்து வந்தார்.

"அந்த ஆளு விடிய விடிய இருமறாரு. ஒரு நிமிஷம் விடல."

"அதைத்தான் அவங்க முதல் நாளே சொன்னாங்க மாமா."

"உங்க அக்கா எழுந்து எழுந்து வெந்நீர் வச்சுக் குடுக்கறா. எனக்கு ஒரு நாள் வச்சிருப்பாளா?" அவர் கவலை அது. ஒரு மனிதன் இருமுவதைச் சுவரின் மறுபக்கத்திலிருந்து கேட்டாலும், அவருக்குக் கேட்பது தன் வீட்டு வெந்நீர் செலவாகும் சத்தம்தான்.

மெக்கானிக் அம்மாள் இரண்டு நாளும் என் பக்கத்திலேயே இருந்தாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பசை தடவினாள். என்னைவிட வேகம். அவள் தடவிய இடத்தில் திட்டு இல்லை. ரீப்பர் ஓரத்தில் விட்டுப்போன சந்துகளில் சின்னத் துண்டுகளைச் செருகினாள். மாமா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, "துணி அழுக்காகாமப் பாத்துக்கோங்கம்மா, ஃபினிஷிங் போயிடும்" என்றார். இரண்டு முறையும் அவள் காதில் வாங்கவில்லை.

"இதுக்கு முன்னாடி எத்தனை கூரை போட்டிருக்க?" என்றாள் ஷீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

"பதினேழு."

"எல்லாம் ரெண்டு ஷீட்டா?"

"ஆமா."

ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "கையை எடு, மூலை தூக்குது" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, பசை வாடை போனபிறகு, அவள் வண்டியின் கதவையும் கேன்வாஸ் ஜன்னல்களையும் மூடிவிட்டு உள்ளே அடுப்பில் கெட்டில் நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டாள். அரை மணி நேரம். அவளும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரும் நானும் வெளியே நின்றோம். மாமா தள்ளி நின்று போனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"என் கேஸு நடக்குது உள்ள" என்றார் மாஸ்டர். மூச்சு வாங்கினார். "தீர்ப்பு எப்படி வந்தாலும் வக்கீல் வேர்த்துப்போய்த்தான் வருவா."

சிரித்தார். ஆனால் பெட்டியின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தே நின்றார். அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பெட்டி எது, வண்டியில் ஏற்ற வேண்டிய பெட்டி எது என்று முந்தின நாளே பிரித்து வைத்திருந்தார்கள். அவர் பிடித்திருந்தது அண்ணன் வீட்டுப் பெட்டி.

கதவு திறந்தது. ஆவி வெளியே வந்தது, பின்னாலேயே அவள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "ஏறிப் பாருங்க" என்றாள் புருஷனிடம்.

மாஸ்டர் ஏணியில் ஏற ஐந்து நிமிஷம் ஆனது. நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். படுத்தார். உள்ளங்கையைத் தூக்கிக் கூரையில் வைத்துத் தடவினார், முன்னால், நடுவில், கையெட்டும் மட்டும் பின்னால். கால்மாட்டுக் கூரையைப் பாதத்தாலும் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார். "கைப்பிடி திருகாணிகிட்ட மட்டும் கொஞ்சம் ஈரம்."

"இரும்பு குளிரும். அது மேல நான் ரப்பர் ஒட்டிக்கறேன்" என்றாள் அவள் கீழிருந்து. இரண்டு பெட்டிகளையும் தூக்கி வண்டிக்குள் வைத்தாள்.

கிளம்பும்போது மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் முன்சீட்டில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவள் ஸ்டியரிங் பக்கம் போகிற வழியில் என் எதிரே நின்றாள்.

"நல்லது பண்ணிட்டோம்னு நினைச்சுக்காத தம்பி. நான் சீட்டு மேல ஏறாம இருந்திருந்தா நீ வாயத் திறந்திருப்பியா?"

"இல்ல."

"ம்" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

தெருமுனை திரும்பும்வரை மாமா காத்திருந்தார். பிறகு என் தோளில் கை போட்டார். கோபம் இல்லை. ஒரு பெரிய பாடம் கற்றுக்கொண்ட தோரணை முகத்தில் இருந்தது.

"டேய் ஆந்தை, நம்ம தப்பு எங்கன்னு தெரியுதா? ஆளோட உயரத்தைப் பாக்கல. இனிமே அட்வான்ஸ் வாங்கும்போதே நெட்டையா குட்டையான்னு எழுதி வச்சுக்கணும். குட்டைன்னா சீட்டுக்கு மேலயும் ஒரு துண்டு."

இந்த இடத்தில் நான் வேலையை உதறிவிட்டுப் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். போகவில்லை. போக வேறு இடமும் இல்லை. கூண்டு அந்த அம்மாள் திறந்து போட்டபடியே கிடந்தது. அடுத்த வண்டியின் மூடி வந்து வாசலில் கவிழ்ந்து கிடந்தது. நான் உள்ளே போய் ஷீட்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டேன்.

"எத்தனை எடுத்த?" என்றார் மாமா.

"ஆறு."

"யாரு சொன்னா?"

அளவுகோலை வைத்துக் கோடு போட்டேன். அவர் கூண்டின் பக்கம் போனார். பூட்டு அங்கே இருந்தது. சாவி அவர் இடுப்பில் இல்லை, அது எங்கே என்று என்னைக் கேட்டார். அந்த அம்மா அதை அக்காகிட்ட குடுத்துட்டாங்க என்றேன். அவர் போனை எடுத்தார், எண்ணைப் பார்த்தார், திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். நான் முதல் ஷீட்டை வெட்ட ஆரம்பித்தேன்.